ஏர்கான் சர்வீஸ் கோர்ஸ், பாதி ஆன்லைன் பாதி ஒர்க்‌ஷாப்: போகலாமா?

சிங்கப்பூர்ல ஜூரோங் பக்கம் ஒரு டிரெய்னிங் சென்டர்ல பண்ணேன், தியரி எல்லாம் வீடியோ, சனிக்கிழமை மட்டும் ஒர்க்‌ஷாப், ஷிப்ட் வேலை பாக்குறவங்களுக்கு இது பெரிய வசதிதான். எம்ஆர்டி ரயில்ல உக்காந்துக்கிட்டே, ஏர்கான்ல குளிரூட்டுற ஆர்32 கேஸ் லேசா தீப்பிடிக்கும், அதனால ரூம்ல காத்தோட்டம் இருக்கணும்னு எல்லாம் படிச்சிடலாம். பிரச்சனை என்னன்னா அந்த போர்ட்டல், போன்ல நடுவுல லாக்அவுட் ஆகி வீடியோ முதல்லேர்ந்து ஓடும், கடுப்பாயிடும்.

ஆனா ஒர்க்‌ஷாப் சூப்பர். காப்பர் பைப்ப ஃபிளேர் பண்றதுக்கு, அதாவது முனைய விரிக்கிறதுக்கு, முன்னாடியே நட்டை பைப்புல மாட்டிடணும், இல்லன்னா அந்த முனைய வெட்டிட்டு திரும்பவும் பண்ணணும், வீடியோல இது கண்ண மூடி திறக்குறதுக்குள்ள போயிடும், இங்க சார் பக்கத்துல நின்னு பர்ர், அதாவது வெட்டுன முனையில இருக்குற பிசிறு, எடுக்கும்போது பைப்ப கீழ சாய்ச்சு புடிங்க, தூள் உள்ள விழுந்தா கம்ப்ரஸருக்கு ஆகாதுன்னு கையப் புடிச்சு காட்டுனாரு. பைப்புல இருக்குற காத்த உறிஞ்சி எடுக்குற வேக்கம் பம்ப் தான் பத்தல, க்யூ நிக்கணும்.

40 வயசு தாண்டுன சிங்கப்பூரர்னா 2024 மே மாசம் வந்த 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட், அதாவது கோர்ஸ் கட்டணத்துக்கு அரசாங்கம் குடுக்குற உதவித்தொகை, எல்லா கோர்ஸுக்கும் செல்லாது, பேர் குடுக்குறதுக்கு முன்னாடி செக் பண்ணிக்கோங்க. அஞ்சுக்கு மூணரை ஸ்டார், அந்த அரை ஸ்டார் சாருக்காக.