குவிஸ்லெட் லைவ்: சுற்றுலாத் துறை பிரெஞ்சு வகுப்புக்குத் தேறுமா?

குழுவாகப் படிக்க உதவுவதாகச் சொல்லும் பல செயலிகளில், கெட்டிக்கார மாணவர் ஒருவர் பதிலைத் தட்டுவார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். சொற்களைப் படிக்க உதவும் குவிஸ்லெட் செயலியின் வகுப்பறை வினாடி வினாதான் குவிஸ்லெட் லைவ். அதன் அணி ஆட்டத்தில் அந்தக் கதை நடக்காது. கேள்வி எல்லோர் கைப்பேசியிலும் வரும். விடையோ ஒருவர் திரையில் மட்டுமே இருக்கும். "எங்கிட்ட இல்ல, உங்கிட்ட இருக்கா?" என்று கேட்டே தீரவேண்டும். தவறாகத் தொட்டால் அணியின் புள்ளி பூஜ்ஜியம்.

ஆட்டத்துக்குக் குறைந்தது நான்கு பேர் வேண்டும். மாணவர்கள் கணக்கு தொடங்க வேண்டாம். ஆசிரியர் திரையில் தெரியும் குறியீடு போதும். அணிகளைச் செயலியே பிரிக்கும்.

கேள்விகளுக்காக ஆசிரியர் தயாரிக்கும் சொல் பட்டியலில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 'லாதிஸ்யோ' உணவக பில், 'லா நோத்' ஹோட்டல் பில், 'லா ஃபக்தூர்' இன்வாய்ஸ். மூன்றுக்கும் எதிரே வெறுமனே 'பில்' என்று போட்டால் சரியாகத் தெரிந்த மாணவரும் பூஜ்ஜியத்துக்குப் போவார், வகுப்பில் சண்டைதான். பொருளுக்குப் பதில் சூழலை எழுதுங்கள்: 'அறையைக் காலி செய்யும்போது வரவேற்பறையில் கேட்பது'. பெயர்ச்சொல்லை, அதன் பாலைக் காட்டும் 'ல', 'லா' இல்லாமல் சேர்க்கவே கூடாது. ஒரு பட்டியலுக்கு 20 முதல் 25 சொற்கள் சரியாக இருக்கும். குறைந்தால் அதே கேள்விகள் திரும்ப வந்து மனப்பாடமாகிவிடும்.

அடுத்தவர் திரையை எட்டிப் பார்த்தால் பேச்சே நின்றுபோகும். முதுகோடு முதுகாக உட்காரவையுங்கள். "கி ஆ லா நோத்?" ('லா நோத்' யாரிடம் இருக்கிறது?) என்று பிரெஞ்சில் மட்டுமே கேட்கலாம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அறை முழுக்கத் தமிழும் ஆங்கிலமும்தான்.

இதன் பெரிய குறை, வாக்கியம் பேசவைக்காது. உச்சரிப்பையும் திருத்தாது. ஆகவே பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டு, அதே சொற்களோடு இருவர் இருவராகச் செக்-இன் உரையாடலுக்குப் போவது நல்லது. ஒருவரிடம் அறை எண், வாடகை, காலை உணவு நேரம் உள்ள தாள். மற்றவரிடம் எத்தனை இரவு, எத்தனை பேர், எவ்வளவு பணம் என்ற தாள். இரண்டும் கச்சிதமாகப் பொருந்தினால் பேச்சு இரண்டே வரியில் முடிந்துவிடும். வேண்டுமென்றே ஒரு முரண் வையுங்கள்: விருந்தினருக்கு இரண்டு இரவு வேண்டும், இரட்டைப் படுக்கை அறையோ முதல் இரவுக்கு மட்டும் காலி. அப்போதுதான் மன்னிப்புக் கேட்பதும் மாற்று அறை சொல்வதும் பேரம் பேசுவதும் வாய்க்கு வரும். மாமல்லபுரத்திலோ புதுச்சேரியிலோ வேலைக்குப் போனால் தினமும் தேவைப்படுவது இதுதான்.

இணையம் இழுக்கும் கல்லூரிகளில் செயலியை விட்டுவிடலாம். விடைகளைத் துண்டுச் சீட்டில் எழுதி ஆளுக்கு ஆறு கொடுத்து, கேள்வியை ஆசிரியரே வாசித்தாலும் ஆட்டம் நடக்கும்.