கோழிக்கூட்டில் மூன்று தரை, ஐந்து கூளம்: ஐந்து வருட அனுபவம்

எட்டுக் கோழிகள், ஆறடிக்கு எட்டடி கூடு. இந்த ஐந்து வருடத்தில் மண் தரை, கம்பி வலைத் தரை, சிமென்ட் தரை மூன்றையும் பார்த்துவிட்டேன். தரைமேல் பரப்பும் கூளத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தேன். இப்போது இருக்கும் ஏற்பாடு இரண்டரை வருடமாக மாறவில்லை. புதிதாகக் கூடு கட்டப் போகிறவர்களுக்கு உதவும் என்று பட்டதை எல்லாம் எழுதுகிறேன்.

முதலில் மண் தரைதான். காலுக்கு மெத்தென்று இருக்கும், கோழிகள் கிளறும், செலவும் கிடையாது. ஆனால் மழைக்காலத்தில் அடியிலிருந்தே ஈரம் ஏறி, மேலே எவ்வளவு கூளம் போட்டாலும் இரண்டு நாளில் நசநசத்துப்போகும். ஒரு நாள் காலையில் பார்த்தால் சுவருக்கு அடியில் எலி வளை, முட்டையிடும் பெட்டியில் ஓடுகள் மட்டும் கிடந்தன. மண் தரைதான் வேண்டும் என்றால் அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலையை அரை அடி ஆழத்தில் புதைத்துவிட்டு மேலே மண் போடுங்கள்.

அடுத்து, தரையிலிருந்து தூக்கிக் கட்டிய கம்பி வலை. எச்சம் கீழே விழுந்துவிடும், வேலை மிச்சம் என்று நினைத்துத்தான் மாற்றினேன். பாதி எச்சம் கம்பியிலேயே ஒட்டிக் காய்ந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நான்காம் மாதம் ஒரு பெட்டை நொண்ட ஆரம்பித்தது. தூக்கிப் பார்த்தால் பாதத்தின் அடியில் கறுத்த பொருக்கு, சுற்றிலும் வீக்கம். கடினமான தரையிலும் கம்பியிலும் குதித்து இறங்கும்போது ஏற்படும் சின்னக் காயத்தில் கிருமி புகுந்து சீழ்க்கட்டி ஆகிவிடுகிறது. தேறி வர ஒன்றரை மாதம் ஆனது. அதற்குள் மற்றவை கிளற எதுவும் இல்லாமல் ஒன்றன் வாலை ஒன்று கொத்திப் பிடுங்கத் தொடங்கிவிட்டன. கோழிக்குக் கிளறுவது இரை தேடுவது மட்டுமில்லை, பகல் முழுக்க அதற்கான வேலையே அதுதான். அதைப் பறிக்கும் தரையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இப்போது இருப்பது சிமென்ட். வழுவழுப்பாகப் பூசாமல் சற்றுச் சொரசொரப்பாக விட்டு, கதவுப் பக்கம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் சரிவு கொடுத்தேன். எலி தோண்ட முடியாது, கழுவினால் தண்ணீர் தானாக வெளியேறும். வெறும் சிமென்ட் குளிரும், காலையும் உறுத்தும். அதனால் கூளம் குறைந்தது நான்கு அங்குலம் வேண்டும்.

கூளத்தில் முதலில் வைக்கோல். மேலே பொன்னிறமாகக் காய்ந்திருக்கும், அள்ளினால் அடியில் பாய் போலப் பின்னிக்கொண்டு பூஞ்சை பிடித்திருக்கும். மரத்தூள் போட்ட மாதங்களில் எனக்கும் கோழிகளுக்கும் தும்மல். குஞ்சுகள் அதைத் தீனி என்று கொத்தியும் தின்றன. மணல் ஏழு மாதம் ஓடியது. வெயில் நாட்களில் நன்றாகவே இருந்தது, சல்லடைக் கரண்டியால் எச்சத்தைப் பொறுக்கினால் போதும். மழை தொடங்கியதும் கனத்து, நாறி, வாரி வெளியேற்றுவதற்குள் முதுகு விட்டுப்போனது. தேங்காய் நார்க்கழிவு நிறைய ஈரம் குடிக்கும். குடித்ததை எளிதில் விடாது.

நிலைத்தது மரச்சீவலும் நெல் உமியும் கலந்த கூளம், இரண்டுக்கு ஒன்று. உமி தனியாகப் போட்டால் ஈரத்தை அதிகம் இழுக்காது. ஆனால் கட்டியாகாமல் பொலபொலவென்று இருக்கும். சீவல் ஈரத்தை இழுக்கும், அதைக் கட்டிபிடிக்க விடாமல் உமி காக்கும்.

இவ்வளவு மாற்றியும் நாற்றம் மட்டும் முழுதாகப் போகவில்லை. கண் எரியும் அந்த நெடி அம்மோனியா. எச்சத்தில் உள்ள யூரிக் அமிலத்தை ஈரத்தில் பெருகும் நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது வருவது. 25 பிபிஎம் அளவை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கை, தாண்ட விடக்கூடாது என்பார்கள். அதற்கு மேல் போனால் கோழியின் கண்ணும் மூச்சுக்குழலும் கெடும். நின்றபடி முகர்ந்தால் தெரியாது. குந்தி உட்கார்ந்து, கோழியின் தலை இருக்கும் உயரத்தில் முகர்ந்து பாருங்கள். நான் அப்படிக் குந்தியபோதுதான் கவனித்தேன்: ஈரம் எப்போதும் ஒரே மூலையில், தண்ணீர்க் குடுவையைச் சுற்றித்தான். குடுவையைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கி, அடியில் வலை மூடிய தட்டு ஒன்றை வைத்தேன். கூரைத் தகட்டில் ஆணி வழியாக ஒழுகிய இடத்தையும் அடைத்தேன். அவ்வளவுதான். அதே கூளம் முன்பைவிட மூன்று மடங்கு நாள் தாங்கியது. தரையை மாற்றச் செலவழிக்கும் முன் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

நெடியைப் போக்கக் கூளத்தின் மேல் சுண்ணாம்பு தூவியதும் உண்டு. அன்று மாலையே நெடி கூடியது. காரத்தன்மை ஏறினால் கூளத்தில் அடங்கிக் கிடக்கும் அம்மோனியா வெளியேறும். இப்போது கூளம் முழுவதையும் எடுத்த பிறகு வெறும் தரைக்கு மட்டும் அடிக்கிறேன்.

தினசரி வேலை ஐந்து நிமிடம். இரவில் கோழிகள் அடையும் கழிக்கு நேர் கீழே ஒரு பலகை வைத்திருக்கிறேன். ஒரு நாள் எச்சத்தில் ஏறக்குறைய பாதி அங்கேதான் விழும். காலையில் சுவருக்குப் பட்டி பூசும் தகட்டால் சுரண்டி வாளியில் போட்டுவிடுவேன். வாரம் இரண்டு முறை கூளத்தைக் கிளறிவிட்டு, ஒரு பிடி எடுத்து அழுத்திப் பார்ப்பேன். கையைத் திறந்ததும் உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம், உலர்ந்த சீவல் சேர்க்க வேண்டும். பிடிபடாமல் புழுதியாகப் பறந்தால் காய்ந்துவிட்டது. லேசாக ஒட்டி உடனே உதிர்ந்தால் சரி.

முழுச் சுத்தம் வருடம் இரண்டு முறை, வெயில் நாளில். முகக்கவசம் கட்டாயம், அந்தப் புழுதி நுரையீரலுக்கு ஆகாது. முதலில் உலர்ந்தபடியே சுரண்டி எடுக்க வேண்டும், பிறகு சோப்புத் தண்ணீர், பிறகுதான் கிருமிநாசினி. எச்சம் கிடக்கும்போதே பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றாதீர்கள். அம்மோனியாவோடு சேர்ந்து நச்சு வாயு கிளம்பும். ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் முட்டைகளுக்கு ஓடு தடிமன் என்பதால் பிளீச்சிங்கில் அவை சாவதில்லை. ஈரமும் கதகதப்பும் இருந்தால் ஓரிரு நாளில் தொற்றும் பருவத்துக்கு வந்துவிடும். கொதிக்கும் நீரும், இரண்டு நாள் முழுதாகக் காயவிடுவதும்தான் நான் நம்புவது. கழியின் நுனிகளையும் பொருத்திய இடுக்குகளையும் இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். செள் என்ற சின்னஞ்சிறு பூச்சி பகலில் அங்கே ஒளிந்திருந்து ராத்திரியில்தான் ரத்தம் குடிக்க வரும்.

எடுத்த கூளம் உரக்குழிக்குப் போகிறது. பச்சையாகச் செடிக்குப் போட்டால் வேர் கருகும். ஆறு மாதம் மக்கிய பிறகு அள்ளினால் காட்டு மண் வாசனை வரும். குழியைக் கிளறினாலும் கூட்டைத் தொட்டாலும் சோப்பால் கை கழுவாமல் வீட்டுக்குள் போவதில்லை, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி பயம்.

இன்னும் சரியாகாதது ஒன்று உண்டு, கதவு. இரண்டடி அகலம்தான் விட்டேன். தள்ளுவண்டி உள்ளே நுழையாததால் அத்தனை கூளத்தையும் கூடையில் சுமக்கிறேன். வாசலில் ஓரடி உயரப் பலகை ஒன்றைக் கழற்றி மாட்டும்படி வைத்ததால் கூளம் வெளியே சிந்துவது நின்றது. அடுத்த வெயில் காலத்தில் நிலையை இடித்து மூன்றடியாக்கப் போகிறேன்.