கிதார் இரைச்சலை நீக்குவதாகச் சொல்லி 14,500 ரூபாய் பறித்த கடை: புதுச்சேரி நண்பர்கள் கவனத்துக்கு

புதுச்சேரியில் இசைக்கருவிகளை விற்று, பழுதும் பார்க்கும் ஒரு கடையில் 14,500 ரூபாயைக் கொடுத்துவிட்டு, கொண்டுபோன அதே இரைச்சலோடு என் எலெக்ட்ரிக் கிதாரைத் திரும்ப வாங்கி வந்திருக்கிறேன். வயிறு எரிகிறது.

டிஸ்டார்ஷனை (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவை) கூட்டி வாசித்தால் நான் தொடாத கம்பிகளும் சேர்ந்து அதிர்கின்றன என்பதுதான் நான் சொன்ன குறை. கடைக்காரர் கிதாரை ஆம்ப்ளிஃபயரில் செருகிச் சும்மா வைத்தார், உர்ரென்று உறுமியது. கம்பிகளின்மேல் உள்ளங்கையை வைத்தார். உறுமல் சட்டென்று தணிந்தது. "பாத்தீங்களா தம்பி, கை வச்சா நிக்குது. உள்ள எர்த்தே இல்ல. பிக்கப்ப மாத்தி, காப்பர் ஷீல்டிங் பண்ணிட்டா சத்தமே இருக்காது" என்றார். பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின் சைகையாக்கும் காந்தச் சுருள்; ஷீல்டிங் என்பது இரைச்சலைத் தடுக்க உள்ளே செப்புத் தாள் ஒட்டுவது. கண்ணெதிரே நடந்ததை யார்தான் சந்தேகிப்பார்கள்? அங்கேயே 14,500 ரூபாயையும் ஜிபே செய்தேன்.

அந்த வித்தை காட்டுவது நேர்மாறான உண்மையை என்று பிறகுதான் தெரிந்தது. கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் உலோக பிரிட்ஜ் வழியாகக் கம்பிகள் எர்த்தோடு இணைந்திருப்பதால்தான், கை வைத்ததும் நம் உடல் ஏந்திவரும் மின் இரைச்சல் அடங்குகிறது. கடலூரில் மேடை ஒலியமைப்புச் செய்யும் நண்பர் கிதாரின் முகப்புத் தகடான பிக்கார்டைக் கழற்றிக் காட்டினார்: செப்புத் தாள் ஏனோதானோவென்று ஒட்டப்பட்டிருந்தது; அதை எர்த்தோடு இணைக்க ஒரு வயர்கூட இல்லை. 'புதிய' பிக்கப்புகளின் அடியில் பழைய தூசி அப்படியே படிந்திருந்தது. மேலும், ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை இழுப்பது ஒரு சங்கதி, கம்பி தானாக அதிர்வது முற்றிலும் வேறு சங்கதி. இரண்டாவதை எந்தச் செப்புத் தாளும் நிறுத்தாது.

கேட்கப் போனால், முதலில் "உங்க வீட்டு கரண்ட்டு சரியில்ல" என்றார்கள். அடுத்து "ஓனர் ஊர்ல இல்ல". அதன்பின் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. இதற்கிடையே, நாய்ஸ் கேட் பெடல் ஒன்றையும் வாங்கிக்கொண்டால் சரியாகிவிடும் என்று என் தலையில் கட்டப் பார்த்தார்கள். அது வாசிப்பு நிற்கும் இடைவெளியைத்தான் மௌனமாக்கும். ஒரு சுரம் ஒலிக்கையில் கூடவே அதிரும் கம்பியைப் பிரித்தெடுக்க அதனால் ஆகாது.

தொடாத கம்பிகளை அடக்குவது பற்றி விரிவாக வழிகாட்டி எழுத நினைத்தேன். இப்போது அதற்கு மனமில்லை. கெயினை (டிஸ்டார்ஷனின் அளவைக் கூட்டும் திருகை) குறையுங்கள். தடித்த கம்பிகளை வலக்கை ஓரத்தாலும், மெல்லிய கம்பிகளை இடக்கை ஆள்காட்டி விரலின் அடிப்பகுதியாலும் அடக்குங்கள். திறந்த கம்பி தேவைப்படாத பகுதிகளுக்கு, கிதாரின் கழுத்தில் தலைப்பக்கம் உள்ள முதல் ஃப்ரெட்டின் (குறுக்கு உலோகக் கட்டையின்) அருகே தலைமுடிக்குப் போடும் துணி பேண்டைச் சுற்றினாலே போதும். கடையில் கொடுக்கும் முன் உட்புறத்தைப் படமெடுங்கள். கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் பணம் தராதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யப் போகிறேன். என்னிடம் இருப்பவை அந்த ஜிபே ரசீதும், விசிட்டிங் கார்டின் பின்புறம் அவர்கள் கிறுக்கிக் கொடுத்த 14,500 என்ற எண்ணும்தான்.