நாட் விமான ஓவியப் பிரிண்ட்: படம் பிரமாதம், பேக்கிங் படுமோசம்

போர் விமான ஓவியம் வேண்டும் என்று தேடினால் வந்து குவிவது பெரும்பாலும் இரண்டாம் உலகப் போர்க் கால பிரிட்டிஷ் விமானமான ஸ்பிட்ஃபயர்தான். 1940, கீழே இங்கிலாந்துக் கடற்கரை, மேலே மேகம், அழகாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது நாட். இங்கிலாந்தில் பிறந்து நம் பெங்களூரு எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் வரிசையாகத் தயாரான அந்தப் பொடி விமானத்துக்கு நல்ல ஓவியம் கிடைப்பது அபூர்வம் என்பதால், ஒரு ஆன்லைன் கடையில் கண்ணில் பட்டதும் ஏ2 அளவு மேட் பேப்பர் பிரிண்ட்டை 1,850 ரூபாய்க்கு, பிரேம் இல்லாமல், உடனே ஆர்டர் போட்டுவிட்டேன்.

படத்தில் இருப்பது 1971 டிசம்பர் 14, ஸ்ரீநகர் விமானதளம். பெஷாவரிலிருந்து வந்த 6 பாகிஸ்தான் சேபர் போர் விமானங்கள் ஓடுபாதையில் குண்டு போட்டுக்கொண்டிருக்கும்போதே நம் விமானி நிர்மல் ஜித் சிங் செகோன் நாட் விமானத்தில் மேலே எழும்புகிறார். அன்று அவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. இந்திய விமானப்படையில், போர்க்கள வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ரா பெற்ற ஒரே ஆள் அவர்தான்.

இந்தச் சண்டையை வரைகிற பலர் நெருப்புப் பிடித்த சேபரைத்தான் நடுவில் வைப்பார்கள். எத்தனை சேபர் அடிபட்டது என்பதோ இன்றைக்கும் இரண்டு நாட்டுக்காரர்களும் ஒத்துப்போகாத கணக்கு. இந்த ஓவியர் அந்த வம்புக்கே போகவில்லை. தரையை விட்டு இரண்டு ஆள் உயரம் எழும்பிய நாட், பாதி மடங்கிய சக்கரம், பின்னால் குண்டு விழுந்து கிளம்பிய மண்புழுதி, அவ்வளவுதான். எனக்கு இதுதான் பிடித்தது. ஜெயிக்கிற நேரத்தை யாரும் வரையலாம், குண்டு விழும்போது ஓடுபாதையில் வண்டியைக் கிளப்புகிற நேரத்தை வரைய யோசனை வேண்டும்.

அப்புறம் அளவு. நாட் 9 மீட்டர் நீளம், இறக்கை 7 மீட்டர்கூட இல்லை. சேபரோ 11 மீட்டருக்கு மேல். நம்மாள் விமானம் என்பதற்காக அதை ஊதிப் பெரிதாக்குவது வழக்கம். இவர் அப்படிச் செய்யாததால், தூரத்தில் வரும் சேபரே கிட்டத்தட்ட நாட் அளவுக்குத் தெரிகிறது, பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. கிட்டப் போய்ப் பார்த்தேன்: காற்று உள்வாங்கும் வாய் இரண்டின் ஓரத்திலும் 30 மி.மீ. பீரங்கி சரியான இடத்தில் இருக்கிறது. விமானியின் முகத்தை சினிமா போஸ்டர் மாதிரி காட்டாமல் வெறும் ஹெல்மெட்டோடு விட்டதற்கும் ஒரு கும்பிடு.

குறை? வானம் ரொம்ப நீலம். காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் டிசம்பர் காலை இவ்வளவு பளிச்சென்றா இருக்கும்? ஊட்டி காலண்டர் மாதிரி இருக்கிறது.

ஆனால் கோபம் வந்தது கடைக்காரர்கள் மேல்தான். முதலில் வந்த பிரிண்ட் மெல்லிய அட்டைக் குழாயில் நசுங்கி, சரியாக வலது இறக்கையில் மடிப்பு விழுந்து வந்தது. அதைவிட மோசம், விமானத்தின் மேல் இருக்கும் இந்திய விமானப்படை வட்டச் சின்னத்தின் காவி வளையம் செக்கச் சிவப்பாக அச்சாகி, எந்த நாட்டு விமானம் என்றே புரியவில்லை. போட்டோ எடுத்து அனுப்பினால் "ஸ்கிரீனில் அப்படித்தான் தெரியும்" என்று பதில். ஸ்கிரீன் இல்லை ஐயா, கையில் இருக்கிற பேப்பர்! நாலு மெயில், 11 நாள் கழித்து மாற்றி அனுப்பினார்கள். இரண்டாவது பிரதியில் காவி காவியாகவே இருக்கிறது, குழாயும் பிளாஸ்டிக்.

படத்துக்கு 5-க்கு நாலரை, கடைக்கு இரண்டு. வாங்குவதாக இருந்தால் காசு மிச்சம் என்று ஏ3 எடுத்துவிடாதீர்கள், ஏ2-விலேயே செகோனின் ஹெல்மெட் ஒரு மிளகு அளவுதான் இருக்கிறது.