கிணற்றடி ஆயில் இன்ஜின்: ஓடும் தண்ணீரா, ட்ரம் தண்ணீரா?

பழைய 5 எச்.பி. ஆயில் இன்ஜினின் சூட்டை இறக்க நம் வடாற்காட்டுப் பக்கம் இரண்டு வழி உண்டு. பம்பு தள்ளும் தண்ணீரிலிருந்து அரை அங்குல டியூப் இழுத்து இன்ஜினுக்குள் விட்டு வாய்க்காலில் கொட்டுவது ஒன்று. ட்ரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி அதையே சுற்றவிடுவது இன்னொன்று. முதல் வழிக்குச் செலவில்லை, அதனால்தான் எங்கும் அதைப் பார்க்கிறோம். ஆனால் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை பக்கத்து உப்புக் கிணறுகளுக்கு ட்ரம்தான் சரி.

இன்ஜின் சில்லென்று ஓடினால் நல்லது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. வெளியே வரும் தண்ணீர் 40 டிகிரியிலேயே நின்றால் லைனர் (பிஸ்டன் ஏறி இறங்கும் உருளை) சுவர் சூடேறாது, டீசல் முழுதாக எரியாது. எரியாத டீசல் சுவர் வழியே, அடியில் ஆயில் தங்கும் சம்ப்புக்கு இறங்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறும், சைலன்சர் வாயில் கறுப்பாக ஈரம் கசியும். டீசலில் கந்தகம் கூடுதலாக இருந்தால், அதுவும் எரியும்போது உண்டாகும் ஈரமும் குளிர்ந்த சுவரில் சேர்ந்து அமிலமாகி பிஸ்டன் ரிங்கையும் லைனரையும் அரிக்கும்.

இனி கணக்கு. 1500 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 1500 சுற்று) கிர்லோஸ்கர் ஏ.வி.1 மாதிரி இன்ஜின் முழு லோடில் மணிக்குச் சுமார் 1.1 லிட்டர் டீசல் குடிக்கும். அந்தச் சூட்டில் ஏறக்குறைய 30 சதவீதம் தண்ணீர் வழியாகப் போகவேண்டும். கிணற்றுத் தண்ணீர் 30 டிகிரியில் உள்ளே போய் 60-ல் வெளியே வர, நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் போதும். அதாவது ஒரு லிட்டர் சொம்பு நிறைய 40 விநாடி. டியூபை முழுதாகத் திறந்துவிட்டால் பத்து லிட்டருக்கு மேல் பாயும். அப்போது சூடு நாலைந்து டிகிரிதான் ஏறும், இன்ஜின் நாள் முழுக்கக் குளிரிலேயே ஓடும்.

ஆக, ஓடும் தண்ணீர் முறைக்கு ஒரு வால்வு கட்டாயம். அதை இன்ஜினுக்குத் தண்ணீர் போகும் பக்கம் மட்டுமே வைக்கவேண்டும். வெளியேறும் பக்கம் வைத்து அடைத்தால் பம்பின் அழுத்தம் முழுதும், லைனரைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் ஜாக்கெட்டுக்குள் ஏறும். லைனரின் அடி ரப்பர் ரிங் பிதுங்கி, தண்ணீர் சம்ப்புக்குள் இறங்கி ஆயில் பால் போல வெளுத்துவிடும். வெளியேறும் டியூபின் வாய் கண்ணுக்குத் தெரியும்படி திறந்தே இருக்கட்டும். 100 டிகிரி கண்ணாடித் தெர்மாமீட்டரை அந்தத் தாரையில் பிடித்துப் பார்த்து வால்வைத் திருகுங்கள்.

எவ்வளவு சூடு வைப்பது என்பதில்தான் உப்புக் கிணறு குறுக்கே நிற்கிறது. 60 டிகிரியைத் தாண்டினால் கடினத் தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பு வேகமாகப் பிரிந்து ஹெட்டின் (இன்ஜினின் மேல்மூடி) குறுகிய துளைகளில் படியும். கடல் நீரை நேரே உள்ளே விடும் பழைய படகு இன்ஜின்களிலும் இதே சிக்கல்தான். உப்பு படியக்கூடாது என்று அவற்றுக்கு 60 டிகிரி அளவில் திறக்கும் தெர்மோஸ்டாட் போடுவார்கள். நல்ல தண்ணீரை மூடிய சுற்றில் ஓட்டும் படகு இன்ஜின் 75, 80 டிகிரியில் நிம்மதியாக ஓடும். நம் பக்கத்துக் கிணறுகளை உப்பாக்கிய தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் மண்ணுக்குள் இறங்கிய உப்பு லேசில் போவதில்லை. அந்தத் தண்ணீர் லைனரை வெளிப்புறமிருந்து குழி குழியாக அரிக்கும். அங்கே ஓடும் தண்ணீரைத்தான் விடுவேன் என்றால் 50 முதல் 55-க்குள் நிறுத்துங்கள். தேய்மானம், சுண்ணாம்பு இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும் சமரசம் அது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஊற்று குறையும் கிணறு. கோடையில் இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் இறங்கிப் பம்பு காற்றை இழுக்கும். பாசனம் நிற்கும்போதே இன்ஜினுக்குப் போகும் தண்ணீரும் நின்றுவிடும். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சூடேறி நின்ற இன்ஜினில் பதற்றப்பட்டுக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள், ஹெட் விரிசல் விட்டுவிடும். அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள்.

ட்ரம்முக்கு இந்தப் பயம் இல்லை. 650 ஆர்.பி.எம். லிஸ்டர் வகை இன்ஜினுக்கு 200 லிட்டர் ட்ரம் ஒன்று மூன்று, நாலு மணி நேர ஓட்டத்துக்குப் போதும். அதற்கு மேல் ஓட்டுபவர்கள் இரண்டு ட்ரம்மை இணைக்கவேண்டும். சுடுதண்ணீர் தானாக மேலேறுவதுதான் இதன் சூட்சுமம். அதனால் குழாய் ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறையக்கூடாது. ஹெட்டிலிருந்து ட்ரம்முக்குப் போகும் குழாய் வழியெங்கும் மேல்நோக்கியே ஏறவேண்டும். நடுவில் ஓரிடம் தொங்கினாலும் காற்று அடைத்துச் சுற்று நின்றுவிடும். அந்தக் குழாய் ட்ரம்முக்குள் நுழையும் துளை எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கவேண்டும். ஆவியாகி மட்டம் இறங்கினால் இன்ஜின் கொதிக்கும்.

1500 ஆர்.பி.எம். இன்ஜின்களில் தண்ணீர் வழி குறுகல். அவற்றில் இந்தச் சுற்று தானாக நடப்பது சந்தேகம், சின்ன சுழற்சிப் பம்பு ஒன்று சேர்ப்பது நல்லது.

ட்ரம்மில் 70 முதல் 80 டிகிரி தாராளமாக வைக்கலாம். மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றினால் சுண்ணாம்புத் தொல்லையே வராது. உப்புத் தண்ணீரையே திரும்பத் திரும்ப ஊற்றி நிரப்பினால் ஆவி போய் உப்பு மட்டும் தங்கும், ட்ரம் போட்ட பலன் போச்சு.

ரேடியேட்டர் வைத்தவர்களுக்குப் பெல்ட்டும் ஃபேனும் கூடுதல் வேலை. கரும்புச் சோகையும் வைக்கோல் தூசும் அடைக்கும் களத்தில் அது எடுபடாது.

ஏற்கெனவே சுண்ணாம்பு பிடித்த இன்ஜினுக்கு மியூரியாட்டிக் ஆசிட் ஊற்றும் வழக்கத்தை விடுங்கள், இரும்பையே தின்றுவிடும். 10 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைக் கிலோ சிட்ரிக் ஆசிட் கரைத்து, ஜாக்கெட்டில் நாலு மணி நேரம் நிறுத்தி வடியுங்கள். நுரை அடங்காவிட்டால் இன்னொரு முறை. பிறகு சலவைச் சோடா கரைசலால் அலசி, நல்ல தண்ணீரில் இரண்டு தடவை கழுவுங்கள். மறுநாள் டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ வெளுத்திருந்தாலோ, அடைத்திருந்த சுண்ணாம்புதான் அதுவரை ரப்பர் ரிங்கின் கசிவை மறைத்து வைத்திருந்தது. ரிங்கை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.