பெரியப்பாவின் சேட்டுப் பையில் 64 கட்டம்: விஎல்53எல்5சிஎக்ஸ் சென்சரும் எங்கள் ஒழுங்கையும்

பெரியப்பாவுக்குக் குளுக்கோமாவில் இரண்டு கண்ணும் போய் நாலு வருசம். கோண்டாவிலில் எங்கள் ஒழுங்கை அவருக்குக் கால்மனப்பாடம். குழி, கல், மதகு எல்லாம் வெள்ளைப் பிரம்பு சொல்லிவிடும். இடுப்புக்கு மேலே நிற்பதைத்தான் பிரம்பால் சொல்ல முடியாது. மழையோடு வேலிப் பூவரசில் ஒரு கொப்பு சரிந்து தொங்கினது எங்கள் ஒருவருக்கும் கண்ணில் படவில்லை. வைரவருக்கு விளக்கு வைக்கப் போன மனிசன் புருவம் கிழிந்து இரத்தத்தோடு திரும்பி வந்தார். அந்தக் கிழமையே இந்தச் சென்சருக்கு ஓடர் கொடுத்தேன்.

ரியூசனில் ஐசிடி படிப்பிக்கிறபடியால் வயர் பிடிக்கவும் புரோகிராம் எழுதவும் தெரியும். முதலில் வகுப்பில் கிடந்த மீயொலி சென்சரைத்தான் கட்டிப் பார்த்தேன். அது ஒலியை அனுப்பி எதிரொலி கேட்டு ஒரே ஒரு எண்ணைத் தரும். பக்கத்து வேலியும் நேர் முன்னால் தொங்கும் கொப்பும் அதற்கு ஒன்றுதான். அதோடு பொருத்தின அதிர்வு மோட்டர் ஒழுங்கை முழுக்க விடாமல் அதிர்ந்துகொண்டே போக, மூன்றாம் நாள் பெரியப்பா அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார்.

விஎல்53எல்5சிஎக்ஸ் என்பது எஸ்ரீமைக்ரோஇலெக்ரோனிக்ஸ் செய்யும் சில்லு. நீளம் 6.4 மில்லிமீற்றர், அகலம் 3. இரண்டு அரிசியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அளவு. எதிரே இருக்கும் 45 பாகைப் பரப்பை 8 நிரை, 8 நிரலாக வெட்டி, 64 கட்டத்துக்கும் தனித்தனியாகத் தூரம் சொல்லும். வினாடிக்கு 15 தரம். ஒரு மீற்றர் தள்ளி அந்தப் பரப்பு 83 சென்ரிமீற்றர் அகலம், ஒரு கட்டம் ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர். சேட்டுப் பையில் வைத்து 15 பாகை மேல்நோக்கிச் சரித்தேன். அப்போது அது ஒரு மீற்றருக்கு முன்னால் நெஞ்சிலிருந்து தலைக்கு ஒரு முழம் மேல்வரை பார்க்கிறது. ஓரத்து நிரல்களை விட்டுவிட்டு நடு நாலு நிரலை மட்டும் எடுத்தால் தோளகலம் வரும். வேலிப் பிரச்சினை அதோடு தீர்ந்தது. பழைய போனில் கழற்றின அதிர்வு மோட்டர் ஒன்று. தூரம் குறையக் குறைய அது வேகமாகத் துடிக்கும்.

இதன் உள்வேலையை நினைக்க எனக்கு இன்னும் புல்லரிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்துத்தான் இது தூரம் சொல்கிறது. ஒளி ஒரு நனோ வினாடியில் 30 சென்ரிமீற்றர் ஓடும். ஒரு மீற்றர் தள்ளியுள்ள கொப்பில் பட்டுத் திரும்ப 7 நனோ வினாடிகூட ஆகாது. அதை அளக்க, சிலிக்கன் டயோட்டுகளை அவை மின்னைத் தடுத்து நிற்கக்கூடிய எல்லையான உடைவு மின்னழுத்தத்துக்கும் மேலே ஏற்றி வைத்திருக்கிறார்கள். அந்த நிலையில் ஒரேயொரு ஒளித்துகள் விழுந்தாலே போதும், மடை திறந்தமாதிரி மின்னோட்டம் பாயும். சில்லு அந்தக் கணத்தைக் குறித்துக்கொண்டு டயோட்டைத் தணித்து, அடுத்த துகளுக்கு ஆயத்தமாக்கிவிடும். ஒருதரம் பார்த்து முடிவு சொல்வதில்லை. திரும்பத் திரும்ப லேசரைத் துடிக்கவிட்டு, எந்தக் கணத்தில் எத்தனை துகள் வந்தது என்று குவித்து வைக்கும். குவியல் எங்கே உயர்கிறதோ அங்கேதான் பொருள்.

வெயில் அந்தக் குவியலைத்தான் கெடுக்கிறது. சூரியனிலிருந்து வரும் துகள் எல்லாக் கணத்திலும் பரவலாக விழ, நிலமட்டமே உயர்ந்து உண்மையான குவியல் அதற்குள் மறைந்துபோகும். இதற்காகத்தான் 940 நனோமீற்றர் அகச்சிவப்பு லேசரைத் தேர்ந்திருக்கிறார்கள். காற்றிலுள்ள நீராவி சூரிய ஒளியில் அந்தப் பகுதியைக் கொஞ்சம் குடித்துவிடும். ஆனால் அவ்வளவு நீண்ட அலையில் சிலிக்கனே அரைக்குருடு. 1100 நனோமீற்றருக்கு மேலே அதற்கு ஒன்றுமே தெரியாது. ஒன்றைப் பெற ஒன்றை விட்டிருக்கிறார்கள்.

பெட்டியில் 4 மீற்றர் என்று போட்டிருப்பது இருட்டுக் கணக்கு. இரவில் விறாந்தைச் சுவரை 3.6 மீற்றரில் பிடித்தது. மாலை ஐந்தரைக்கு ஒழுங்கையில் 2 மீற்றருக்கு மேலே. சித்திரை மாதத்து உச்சி வெயிலில் 80 சென்ரிமீற்றர். அதுவும் எல்லாக் கட்டத்திலும் இல்லை. நடக்கிற ஆளுக்கு 80 சென்ரிமீற்றர் என்பது ஒரு எட்டு. அதனால் பகல் பதினொன்றிலிருந்து மூன்றுவரை இதை நம்பி வெளியே போகக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டிருக்கிறேன். நல்லகாலம், விளக்கு வைக்கிற நேரம் பொழுதுபட.

இலையில் இந்தச் சென்சர் என்னை அசத்திவிட்டது. பூவரசிலை எங்கள் கண்ணுக்குக் கடும்பச்சை. அகச்சிவப்பில் அதே இலை நல்லாய் ஒளியைத் திருப்பும். பெரியப்பாவின் புருவத்தைக் கிழித்தது எதுவோ, அதைத்தான் இது மிகத் திறமாகப் பிடிக்கிறது. கிடுகு வேலியும் சரி, மதிலும் சரி. புதுத் தகர வேலியைச் சாய்வாகக் காட்டினால் ஒளி கண்ணாடியில் பட்டமாதிரி வேறு பக்கம் தெறித்துப் போய், வெறும் வெளி என்று சொல்கிறது. கண்ணாடிக் கதவிலும் இதே கதை. முள்ளுக்கம்பி சுத்தமாகத் தெரியாது. 10 சென்ரிமீற்றர்க் கட்டத்துக்குள் இரண்டு மில்லிமீற்றர்க் கம்பி எவ்வளவு ஒளியைத் திருப்பும்? கம்பி கட்டின வளவு உள்ள பாதையில் பாவிக்க நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

நான் விட்ட பிழை இரண்டைச் சொல்கிறேன், நீங்கள் விடாதீர்கள். தூசி படாமல் இருக்கட்டும் என்று சேட் பெட்டியில் வந்த பிளாஸ்ரிக் தாளை வெட்டி முன்னால் ஒட்டினேன். லேசர் வெளிச்சம் அந்தத் தாளுக்குள்ளேயே திரும்பி, கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் ஏதோ நிற்பதாகக் காட்டியது. பெரியப்பா படலையடியில் ஐந்து நிமிடம் அசையாமல் நின்றார். தாளை எடுத்தவுடன் சரி. மூடி வேண்டுமென்றால் சென்சரோடு இடைவெளியில்லாமல் பொருத்தி, மூடியில் பட்டுத் திரும்பும் குறுக்கு வெளிச்சத்தைக் கழிப்பதற்கான அளவீட்டையும் ஓட வைக்க வேண்டும்.

மற்றது, தூரத்தை மட்டும் வாசித்தது. ஒவ்வொரு கட்டத்தோடும் ஒரு நிலை எண்ணும் வரும். 5 என்றால் முழு நம்பிக்கை. 6, 9 என்றால் பாதி நம்பிக்கை. 255 என்றால் அங்கே ஒன்றும் அகப்படவில்லை. இதைப் பார்க்காமல் விட்டபோது வெறும் வெளிக்கெல்லாம் மோட்டர் துடித்தது. இப்போது 5, 9 இரண்டையும் ஏற்கிறேன், ஆனால் 9 வந்தால் அடுத்த தரமும் வந்தால்தான் அதிர விடுவேன்.

“லேசர் எண்டு சொல்லுறாய், ரோட்டில வாற பிள்ளையளின்ர கண்ணில படாதோ?” என்று பெரியம்மா கேட்டா. ரிவி ரிமோட்டில் வருவதும் பெரும்பாலும் இதே 940 நனோமீற்றர் ஒளிதான். லேசர்ப் பாதுகாப்புத் தரப்படி சென்சரின் லேசர் முதலாம் வகுப்பு, கண்ணுக்குப் பாதுகாப்பானது. விளங்கப்படுத்தின பிறகுதான் சேட்டில் பை தைத்துத் தந்தா.

கொழும்பிலிருந்து தபாலில் எடுக்க எனக்கு ஐயாயிரத்துச் சொச்சம் ரூபா முடிந்தது. வெறும் சில்லை வாங்காமல் பலகையில் பொருத்தினதையே வாங்குங்கள். அந்தக் கால்களை வீட்டில் ஈயம் வைத்து ஒட்ட முடியாது. மேலே ஒட்டியுள்ள மெல்லிய பாதுகாப்புத் தாளை உரித்துவிடுங்கள். ஒவ்வொரு தரம் மின் கொடுக்கும்போதும் 80 கிலோபைற்றுக்கு மேற்பட்ட மென்பொருளை இதற்குள் ஏற்ற வேண்டும், அதனால் ஆடுயினோ ஊனோ என்ற சின்னக் கணினிப் பலகையின் நினைவகம் காணாது. நான் நினைவகம் கூடிய ஈஎஸ்பி32 பலகை பாவிக்கிறேன். தொடங்கச் சில வினாடி எடுக்கும். கொடுத்த காசுக்கு இதைவிடத் திறமான சாமான் என் கைக்கு வந்ததில்லை. தம்பியின் சினேகிதன் ஒருவருக்கும் ஒன்று செய்கிறேன்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவேயில்லை. கோயில் வாசலில் பெரியப்பா சேட்டைக் கழற்றி மடித்துக் கையில் போட்டுக்கொள்வார். துணி மூடினவுடன் சென்சர் மிகக் கிட்டத்தில் தடை என்று சொல்ல, பூசை முடியுமட்டும் மோட்டர் கையில் துடித்துக்கொண்டே இருந்ததாம். “பிள்ளை, உது வைரவரையும் மறிக்கப் பாக்குது. நிப்பாட்ட ஒரு சுவிச் வை” என்றார். நேற்று இரவு வைத்தேன், விரலால் தடவினால் தெரிகிறமாதிரிப் பெரிய சுவிச்.