கைமாற்றா, கொடையா?

கம்பத்திலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்களுக்குக் கோடைதான் கஷ்டகாலம். ஆடி, ஆவணியில் தொடங்கும் காய் பறிப்பு மாசிவாக்கில் ஓய்ந்துவிடும். பங்குனியில் கை காய்ந்ததும் கேள்வி வரும்: "மதினி, ஒரு ரெண்டாயிரம் இருக்குமா?"

கைமாற்றாகக் கொடுத்தால் கேட்டவளுக்கு மரியாதை மிஞ்சும். வாங்கினேன், கொடுத்தேன் என்று நிமிர்ந்து நிற்பாள். ஆனால் தவணை தள்ளிப்போனால் கொடுத்தவள் பார்வையே மாறிவிடும். வாங்கியவள் புதுச்சேலை கட்டினால் உறுத்தும். பிள்ளைக்கு வடை வாங்கினால் மனசு கணக்குப் போடும். வாங்கியவளோ, முகம் பார்க்கக் கூசி வேறு ஜீப்பில் ஏறுவாள். 'கடன் அன்பை முறிக்கும்' என்று மளிகைக்கடையில் எழுதிப் போட்டிருப்பது சும்மா இல்லை.

திரும்ப வராது என்று நினைத்துக் கொடுப்பதில் இந்த வேதனை இல்லை. சொல்லிக்காட்டாதவரைதான் அதுவும்.

என் கட்சி இது: ரெண்டாயிரம் கேட்டால், போனாலும் மனசு ஆறுகிற ஐந்நூறைக் கொடுங்கள். "பறிப்பு தொடங்கினதும் பாத்துக்கலாம்" என்று வாயால் கைமாற்றாகவே சொல்லுங்கள், உள்ளுக்குள் மறந்துவிடுங்கள். கல்யாணம், ஆஸ்பத்திரி மாதிரிப் பெரிய தொகை என்றால் மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், இருவருக்கும் நல்லது.